பட்டத்துக்கு முன்பே பிறந்த படிப்பு

1950ஆம் ஆண்டு ஜூன் மாதம் கனடாவின் மாண்ட்ரியால் நரம்பியல் கழகத்துக்கு ஓர் ஆய்வு மாணவி வந்து சேர்ந்தார். வயது 31. மாண்ட்ரியாலின் பிரெஞ்சுமொழிப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகளாக உளவியல் கற்பித்து வந்தவர். கையில் நிரந்தர வேலை இருந்தும் மறுபடி மாணவியானார். அவர் ஆராய விரும்பியது மூளையை. பதிவு செய்திருந்ததோ மெக்கில் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில். வேறு வழியில்லை. மூளையை முழுதாக எடுத்துப் படிக்கும் துறையென்று ஒன்று அன்றைக்கு உருவாகியிருக்கவில்லை. மருத்துவம் படித்தவர் நோயைப் பார்ப்பார், உடலியங்கியல் படித்தவர் தவளையின் நரம்பையும் பூனையின் முதுகுத்தண்டையும் பார்ப்பார், உளவியல் படித்தவர் எலியைப் புதிர்ப்பாதையில் ஓடவிட்டு நேரம் குறிப்பார். மூவரும் ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பதே அபூர்வம்.

அந்த மாணவி பிரெண்டா மில்னர். இரண்டு ஆண்டுகளில் ஆய்வேட்டை முடித்துப் பட்டம் வாங்கினார். மனித நினைவாற்றலைப் பற்றி இன்று பாடநூல்களில் இருக்கும் முதல் அத்தியாயம் அந்த ஆய்வேட்டிலிருந்துதான் தொடங்குகிறது. நரம்பறிவியலில் பிஎச்.டி. என்ற படிப்பின் வரலாற்றைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத் துறைகள் தொடங்கப்பட்ட ஆண்டுகளைப் பட்டியல் போட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். உண்மையான வரலாறு அதற்கு முன்னாலேயே, தங்கள் துறையின் வாசலைத் தாண்டி வெளியே போன மாணவர்களிடம் இருக்கிறது.

பட்டம் வருவதற்கு முன்னால் மூளையைப் படிக்க விரும்பியவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். 1887இல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் சந்தியாகோ ரமோன் இ கஹால், மாட்ரிட் நகரில் லூயிஸ் சிமார்ரோ என்ற மனநல மருத்துவரின் வீட்டு நுண்ணோக்கியில்தான் இத்தாலியர் கேமில்லோ கோல்ஜி கண்டுபிடித்த வெள்ளிச் சாயத்தை முதன்முதலாகப் பார்த்தார். மஞ்சள் பின்புலத்தில் ஒரே ஒரு நரம்புச் செல் தன் கிளைகளோடு கரிய கோடுகளாகத் தெரிந்தது. யாரும் அவருக்குப் பாடத்திட்டம் போட்டுக் கொடுக்கவில்லை. பார்சிலோனாவுக்கு மாறிப் போய், 1888இல் சொந்தக் காசில் ஓர் ஆய்விதழைத் தொடங்கி, வெறும் 60 பிரதிகள் அச்சிட்டு ஐரோப்பிய அறிஞர்களுக்கு அஞ்சலில் அனுப்பினார். ஸ்பானிய மொழி தெரியாத அவர்கள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அடுத்த ஆண்டே தன் கண்ணாடித் தகடுகளைச் சுமந்துகொண்டு பெர்லினில் கூடிய ஜெர்மன் உடற்கூற்றியல் மாநாட்டுக்கு நேரில் போனார். நுண்ணோக்கிக்குள் எட்டிப் பார்த்தவர்களில் மூத்தவரான கோலிக்கர் அங்கேயே வியந்து பாராட்டினார். 1906இல் கஹாலும் கோல்ஜியும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

வைல்டர் பென்ஃபீல்டும் இப்படிப் பயணம் போய்க் கற்றவர்தான். அமெரிக்காவில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் சார்லஸ் ஷெரிங்டனிடம் உடலியங்கியல் கற்றார். பிறகு அறுவை மருத்துவரானார். 1924இல், நோயாளிகளை விட்டுவிட்டு மாட்ரிட் போய், கஹாலின் வழிவந்த பீயோ தெல் ரீயோ ஓர்டேகாவின் ஆய்வகத்தில் சில மாதங்கள் உட்கார்ந்து திசுவுக்குச் சாயமேற்றும் கலையைப் பழகினார். ஒரு மூளை அறுவை மருத்துவர் சாயத் தொட்டி முன்னால் உட்காருவது அந்தக் காலத்தில் வழக்கமில்லாத செயல். மூளையில் பட்ட காயம் ஆறிய பின்னும் அந்த வடுவிலிருந்து ஏன் வலிப்பு கிளம்புகிறது என்பதே அவருடைய கேள்வி. அதற்கு விடை அறுவை அரங்கில் மட்டும் கிடைக்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஒரே கூரையின் கீழ் அறுவை மருத்துவரும் நரம்பு மருத்துவரும் திசு ஆய்வாளரும் இருக்கவேண்டும் என்ற பென்ஃபீல்டின் பிடிவாதத்துக்கு ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 12 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தது. 1934இல் மாண்ட்ரியால் நரம்பியல் கழகம் திறக்கப்பட்டது. மருத்துவமனை, ஆய்வகம், வகுப்பறை மூன்றும் ஒரே கட்டடத்தில். உலகின் பல நாடுகளிலிருந்தும் இளம் மருத்துவர்கள் அங்கே பயிற்சிக்கு வந்தார்கள்.

அங்கே நடந்த அறுவை முறையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கவேண்டும். நோயாளிக்கு மண்டை ஓட்டைச் சுற்றி மட்டும் மரத்துப் போகும் ஊசி. நினைவு இருக்கும், பேச்சு இருக்கும். மூளைக்குத் தனக்கென்று வலியுணர்வு கிடையாது. திறந்த மூளையின் மேல் பென்ஃபீல்ட் மெல்லிய மின்முனையால் தொடுவார். ஓரிடத்தில் தொட்டால் கட்டைவிரல் துடிக்கும். இன்னோரிடத்தில் தொட்டால் நாக்கு கூசும். வேறோரிடத்தில் நோயாளிக்குப் பேச்சு நின்றுபோகும். எதிர்வினை வந்த ஒவ்வோர் இடத்திலும் எண் எழுதிய சிறு காகிதத் துண்டு வைக்கப்படும். நோயாளி சொல்வதையெல்லாம் உடனுக்குடன் எழுதிக்கொள்ள ஆள் இருந்தது. பேச்சுக்கும் அசைவுக்கும் வேண்டிய பகுதிகளைத் தவிர்த்து வலிப்பைக் கிளப்பும் பகுதியை மட்டும் வெட்டியெடுக்கவே இந்த ஏற்பாடு. ஒரு நோயாளிக்குச் செய்யும் சிகிச்சையே மூளை வரைபடத்துக்கு ஒரு புள்ளியையும் சேர்த்தது. பார்வையாளர் மாடத்திலிருந்து கவனித்த மாணவர்களுக்கு அதைவிடப் பெரிய வகுப்பறை எங்கே கிடைக்கும்?

மலையடிவாரத்தில் மெக்கில் பல்கலைக்கழக வளாகம், சற்று மேட்டில் நரம்பியல் கழகம். இரண்டுக்கும் நடுவே நடை தூரம்தான். ஆனால் உளவியல் துறையிலிருந்து அந்த மேட்டை ஏறி வந்தவர்கள் குறைவு. ஏற வைத்தவர் டொனால்ட் ஹெப்.

ஹெப்பின் சொந்தப் படிப்பே வளைந்து நெளிந்து வந்தது. நாவலாசிரியராக ஆசைப்பட்டவர், பள்ளிக்கூட ஆசிரியரானார். மாண்ட்ரியாலில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்துகொண்டே மெக்கிலில் பகுதிநேரமாக உளவியல் படித்தார். இடுப்பில் காசநோய் தாக்கி மாதக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோதுதான் முதுகலை ஆய்வேட்டை எழுதினார். 1936இல் ஹார்வர்டில் பிஎச்.டி. இருட்டில் வளர்ந்த எலிகள் எப்படிப் பார்க்கின்றன என்பதைப் பற்றிய ஆய்வு. பிறகு பென்ஃபீல்டின் நோயாளிகளைச் சோதித்து, மூளையின் பெரும் பகுதியை வெட்டியெடுத்த பின்னும் சிலருக்கு நுண்ணறிவு குறையாமல் இருப்பதைக் கண்டு திகைத்தார். அந்தத் திகைப்பிலிருந்து வளர்ந்ததுதான் 1949இல் வெளிவந்த 'நடத்தையின் ஒழுங்கமைப்பு' என்ற அவருடைய நூல். ஒன்றாகத் தூண்டப்படும் நரம்புச் செல்களுக்கிடையே இணைப்பு வலுப்படுகிறது, கற்றல் என்பது அதுதான் என்று அவர் முன்வைத்த கருத்து இன்றைக்குச் செயற்கை நுண்ணறிவின் அடித்தளம் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது.

1947இல் ஹெப் மெக்கிலுக்குத் திரும்பிவந்து கருத்தரங்கு ஒன்றை நடத்தினார். மாணவர்கள் படித்து விவாதித்தது அச்சேறாத அந்த நூலின் பிரதியைத்தான். ஓர் ஆசிரியர் இன்னும் முடிவுசெய்யாத தன் எண்ணங்களை மாணவர்கள் முன்னால் வைத்துக் குடையவிடுவது எளிய காரியமில்லை. ஆய்வுப் படிப்பின் உயிர் அதில்தான் இருக்கிறது. அந்த வட்டத்தில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் பிரெண்டா மில்னர். மான்செஸ்டரில் பிறந்து, கேம்பிரிட்ஜில் கணிதம் படிக்கப் போய், கணிதத்தில் தான் பெரிதாக எதையும் செய்யப் போவதில்லை என்று உணர்ந்து உளவியலுக்கு மாறியவர். 1944இல் கணவர் பீட்டருடன் கனடா வந்தார்.

பென்ஃபீல்ட் ஒரே ஓர் ஆய்வு மாணவருக்கு மட்டும் இடம் தருவதாக ஹெப்பிடம் சொல்லியிருந்தார். ஹெப் மில்னரை அனுப்பினார். நரம்பியல் கழகத்தில் உளவியலாளருக்கு எதிர்காலம் கிடையாது என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது. அவர் வேலையை விட்டுவிட்டு அங்கேயே தங்கினார்.

அவருக்குக் கிடைத்தவர்கள் வலிப்பு நோயாளிகள். அறுவைக்கு முன்னும் பின்னும் அவர்களுடைய நினைவு, கவனம், படங்களை அடையாளம் காணும் திறன் ஆகியவற்றைச் சோதிக்கவேண்டும். கையில் காகிதம், பென்சில், சில படங்கள், ஒரு நிறுத்துக் கடிகாரம். அவ்வளவுதான் கருவிகள். 1952இல் அவர் கொடுத்த ஆய்வேடு, காதுக்கு மேல் பக்கவாட்டில் இருக்கும் பொட்டு மடல் சேதமடைந்தால் அறிவுத்திறனில் என்ன மாறுகிறது என்பதைப் பற்றியது. அந்தச் சமயத்தில்தான் எதிர்பாராத விதமாக இரண்டு நோயாளிகள் வந்தார்கள். ஒருவர் பொறியாளர், பி.பி. என்ற எழுத்துகளால் குறிக்கப்பட்டவர். மற்றவர் கையுறை வெட்டும் தொழிலாளி, எஃப்.சி. இருவருக்கும் இடது பொட்டு மடலில் மட்டும்தான் அறுவை நடந்தது. கண்விழித்தபோது இருவருக்கும் புதிய நினைவு எதுவும் தங்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் வெட்டினால் இப்படி ஆகக்கூடாதே என்று பென்ஃபீல்டும் மில்னரும் குழம்பினார்கள். மறுபக்கத்துப் பொட்டு மடலுக்குள் இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி முன்பே பழுதாகியிருக்கவேண்டும் என்று ஊகித்தார்கள். பின்னாளில் பி.பி. இறந்தபோது நடந்த உடற்கூறாய்வு அந்த ஊகத்தை உறுதிப்படுத்தியது.

1955இல் சிகாகோவில் நடந்த ஒரு மாநாட்டுக்காக இதை அவர்கள் எழுதியபோது, கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் நகரிலிருந்து வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் பென்ஃபீல்டைத் தொடர்புகொண்டார். தன்னிடமும் அப்படி ஒரு நோயாளி இருக்கிறார் என்றார். 1953இல் ஸ்கோவில் 27 வயது இளைஞர் ஒருவருக்கு வலிப்பை நிறுத்துவதற்காக இரண்டு பக்கத்திலும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை எடுத்திருந்தார். வலிப்பு குறைந்தது. நினைவு போய்விட்டது. மில்னர் இரவு ரயிலேறி ஹார்ட்ஃபோர்ட் போனார். எச்.எம். என்று உலகம் அரை நூற்றாண்டு அழைத்த அந்த இளைஞரின் நுண்ணறிவு எண் 112. பேச்சில் குறையில்லை, நாகரிகமானவர், நகைச்சுவை உண்டு. ஆனால் சற்று முன் பேசியவர் யார் என்று தெரியாது.

மில்னர் 584 என்ற எண்ணைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியே போனார். கால் மணி நேரம் கழித்து வந்தபோது எச்.எம். சரியாகச் சொன்னார். எப்படி என்று கேட்டால், அந்த மூன்று இலக்கங்களையும் கூட்டி, கழித்து, பிரித்து இடைவிடாமல் மனத்துக்குள் உருட்டிக்கொண்டே இருந்ததாக விளக்கினார். பேச்சு வேறு பக்கம் திரும்பியது. அடுத்த நிமிடம் எண்ணைக் கேட்டால் எண்ணும் இல்லை, எண் கொடுத்ததும் நினைவில்லை.

பிறகு ஒரு நட்சத்திரம். இரட்டைக் கோட்டில் வரைந்த ஐந்து முனை நட்சத்திரத்தின் இரண்டு கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்டவேண்டும். ஆனால் கையையும் தாளையும் கண்ணாடியில் மட்டுமே பார்க்கலாம். முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும், முனை வந்ததும் கை எதிர்த்திசையில் ஓடும். எச்.எம். மூன்று நாட்கள் பழகினார். ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடத் தேர்ந்தார். மூன்றாம் நாள் கோடு பிசகாமல் வந்தது. அதற்கு முன் அப்படி ஒன்றைச் செய்ததாக அவருக்குத் துளியும் நினைவில்லை. இவ்வளவு சுலபமாக வந்துவிட்டதே என்று அவரே ஆச்சரியப்பட்டார். கை கற்றுக்கொண்டது, அவர் கற்றுக்கொண்டதை அறியவில்லை. நினைவு என்பது ஒன்றல்ல, பல. அவற்றுக்கு மூளையில் தனித்தனி இடங்கள் உண்டு என்பதற்கு அந்தப் பென்சில் கோடுகளே சான்றாயின. ஸ்கோவிலும் மில்னரும் எழுதிய கட்டுரை 1957இல் வந்தது, நட்சத்திரச் சோதனை 1962இல் அச்சேறியது.

இந்தக் கதையில் ஆய்வு மாணவர்களின் சங்கிலி இன்னும் நீள்கிறது. மில்னரிடம் பிஎச்.டி. செய்ய வந்த சூசன் கோர்க்கின், 1962இல் எச்.எம். ஒரு வாரம் மாண்ட்ரியால் வந்தபோது அவரைச் சந்தித்தார். சிறுவயதில் கோர்க்கின் குடும்பம் குடியிருந்தது ஸ்கோவிலின் வீட்டுக்கு எதிரே. ஆய்வேடு 1964இல் முடிந்தது, எச்.எம்.முடனான பழக்கம் முடியவில்லை. எம்.ஐ.டி.யில் பேராசிரியராகி, 2008இல் எச்.எம். இறக்கும்வரை கோர்க்கின் அவரைத் தொடர்ந்து ஆராய்ந்தார். ஒவ்வொரு முறையும் எச்.எம். அவரைப் புதிதாகவே சந்தித்தார். இறந்த பிறகுதான் ஹென்றி மொலைசன் என்ற பெயர் வெளியே வந்தது. அவருடைய மூளை 2,401 மெல்லிய தகடுகளாகச் சீவிப் பாதுகாக்கப்பட்டது. ஒரு மனிதர் தன் வாழ்நாளையே அறிவியலுக்குக் கொடுத்தார். கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்ற நினைவைக்கூட அவரால் வைத்துக்கொள்ள முடியவில்லை. நரம்பறிவியல் மாணவர்கள் பாடநூலில் அவர் பெயரைக் கடக்கும்போது ஒரு நிமிடம் நின்று போகவேண்டும்.

ஹெப்பின் ஆய்வகத்தில் அதே ஆண்டுகளில் நடந்தவை தனி நூலுக்கு உரியவை. பிரெண்டாவின் கணவர் பீட்டர் மில்னர் மின்பொறியாளர். போர்க்காலத்தில் ரேடார் வேலை, பிறகு அணுசக்தி ஆய்வு. ஹெப்பின் எழுத்தைப் படித்தபின் அதையெல்லாம் விட்டுவிட்டு அவரிடமே பிஎச்.டி. மாணவராகச் சேர்ந்தார். ஜேம்ஸ் ஓல்ட்ஸ் என்ற இளம் ஆய்வாளருக்கு எலி மூளைக்குள் மின்முனை பொருத்தும் வித்தையைக் கற்றுக் கொடுத்தார். ஓல்ட்ஸ் பொருத்திய ஒரு மின்முனை, குறி தவறி வேறிடத்தில் போய் இறங்கியது. மின்துடிப்பு கிடைத்த மூலைக்கே அந்த எலி திரும்பத் திரும்ப வந்தது. நெம்புகோலை அழுத்தினால் துடிப்பு கிடைக்கும் என்று ஏற்பாடு செய்தபோது ஓயாமல் அழுத்தியது. மூளையில் இன்பத்துக்கான சுற்றுவழி இருப்பதை 1954இல் இருவரும் எழுதினார்கள். போதைப் பழக்கம் குறித்த இன்றைய ஆய்வுகளுக்கு அதுவே ஊற்று. அதே துறையில் ஹெப்பிடம் 1954இல் பட்டம் பெற்ற ரொனால்ட் மெல்சாக், தனிமையில் வளர்ந்த நாய்கள் நெருப்பு சுட்ட பின்னும் அதை மறுபடி முகர்வதைக் கண்டு, வலி வெறும் தோலின் விஷயமில்லை என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டார். 1965இல் பாட்ரிக் வாலுடன் அவர் எழுதிய வலிவாயில் கோட்பாடு வலி மருத்துவத்தையே திருப்பிப் போட்டது.

இந்த மாண்ட்ரியால் பாதையின் ஒரு கிளை வேலூருக்கு வந்தது. கேரளத்தைச் சேர்ந்த ஜேக்கப் சாண்டி சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பஹ்ரைனில் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிவிட்டு, 1940களில் அமெரிக்காவிலும் பென்ஃபீல்டின் கழகத்திலும் பயிற்சி பெற்றார். 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். மறு ஆண்டு, சீர்காழியில் பிறந்து இங்கிலாந்தின் நியூகாசிலில் பயின்ற பி. ராமமூர்த்தி சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் தொடங்கினார். அவரும் மாண்ட்ரியால் போய்ப் பென்ஃபீல்டின் வேலையை அருகிலிருந்து பார்த்தவர். சாண்டி, ராமமூர்த்தி, எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகிய நால்வர் சேர்ந்து 1951இல் இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினார்கள். நாடு முழுக்கத் தேடினாலும் இந்தத் துறையில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே ஆட்கள் இருந்த காலம். ராமமூர்த்தியின் குழுவில் வளர்ந்த டி.எஸ். கனகா 1968இல் நரம்பியல் அறுவையில் எம்.சிஎச். பட்டம் பெற்று, ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர்களில் ஒருவரானார்.

தென்னகத்தில் முதலில் வேரூன்றியது மருத்துவர்களுக்கான மேற்படிப்பு என்பதை இங்கே கவனிக்கவேண்டும். வார்டு நிரம்ப நோயாளிகள் காத்திருக்கும் நாட்டில் அது இயல்பான முன்னுரிமை. ஆனால் மாண்ட்ரியாலில் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே நடந்த போக்குவரத்து, அதாவது மருத்துவரல்லாத ஓர் ஆய்வு மாணவர் மருத்துவமனைக்குள் வந்து நோயாளியிடமிருந்து அடிப்படைக் கேள்விகளை எழுப்புவது, இங்கே வழக்கமாவதற்கு வெகு காலம் பிடித்தது. நம் ஊரில் மூளை என்றாலே டாக்டர் படிப்புதான் என்று பெற்றோர் இன்றைக்கும் நினைப்பதற்கு இந்தத் தொடக்கமும் ஒரு காரணம் என்றே தோன்றுகிறது.

அமெரிக்காவில் 1960களில் எல்லாம் வேகமாக நடந்தது. 1962இல் எம்.ஐ.டி.யின் உயிரியலாளர் ஃபிரான்சிஸ் ஷ்மிட், இயற்பியலாளர் முதல் மனநல மருத்துவர் வரை எல்லாரையும் ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைக்கும் நரம்பறிவியல் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கினார். துறைக்கு அந்தப் பெயர் நிலைத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1964இல் கலிபோர்னியாவின் இர்வைன் வளாகத்தில் ஜேம்ஸ் மெக்காவும், 1966இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் ஸ்டீபன் குஃப்லரும் மூளைக்கென்றே துறைகளை அமைத்தார்கள். 1969இல் நரம்பறிவியல் கழகம் உருவானது. 1971இல் வாஷிங்டனில் அதன் முதல் ஆண்டுக் கூட்டத்துக்கு வந்தவர்கள் சுமார் 1,400 பேர். பின்னாளில் அந்தக் கூட்டம் பல்லாயிரம் பேர் கூடும் திருவிழாவானது. பல்கலைக்கழகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நரம்பறிவியலில் பிஎச்.டி. வழங்கத் தொடங்கின. முதல் ஆண்டில் மாணவர் மூன்று ஆய்வகங்களிலாவது சில வாரங்கள் வீதம் வேலை செய்து பார்த்துவிட்டு, பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறை பரவலாயிற்று. ஹெப் தன் மாணவியை மேடேற அனுப்பியதைப் போன்ற ஒன்றை, அதிர்ஷ்டத்துக்கு விடாமல் விதியாக்கிவிட்டார்கள்.

இந்தியாவில் மருத்துவமனைக்கு வெளியே மூளையைப் படிக்கும் ஆய்வுப் படிப்பு ஒரு வேடிக்கையான இடத்தில் துளிர்த்தது. பம்பாயின் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம் அணு இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் பேர்போனது. அங்கே 1962இல் ஹோமி பாபா அழைத்துவந்த மரபியலாளர் ஒபைத் சித்திக்கி, 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியா போய் சீமோர் பென்சருடன் வேலை செய்தார். பென்சர் படித்துப் பட்டம் வாங்கியது இயற்பியலில். இருவரும் பழ ஈயைப் பிடித்துக்கொண்டார்கள். வெப்பம் ஏறினால் நரம்பில் துடிப்பு ஓடாமல் செயலற்று விழும் ஈ வகைகளை ஆராய்ந்தார்கள். மரபணுவில் ஒரு மாற்றம், நரம்பில் ஒரு மாற்றம், நடத்தையில் ஒரு மாற்றம் என்று மூன்றையும் ஒரே நூலில் கோக்கமுடியும் என்று தெரிந்தது.

அந்த ஆய்வகத்துக்கு வந்த வெரோனிகா ரொட்ரிக்ஸின் பாதை எந்தப் பாடத்திட்டத்துக்கும் அடங்காதது. கென்யாவில் கோவா வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். உகாண்டாவின் மகேரேரே பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அங்கிருந்து அயர்லாந்தின் டப்ளினுக்கு மாறிப் பட்டம் பெற்றார். சித்திக்கியின் ஆய்வைப் படித்துவிட்டு அவருக்கே எழுதிக் கேட்டு, முன்பின் வாழ்ந்திராத பம்பாய்க்கு வந்து ஆய்வு மாணவியானார். பழ ஈயின் காலில் சர்க்கரைக் கரைசல் பட்டால் அது உறிஞ்சுகுழலை நீட்டும். கசப்பு பட்டால் இழுத்துக்கொள்ளும். சுவை தெரியாத ஈக்களைச் சலித்தெடுத்து, எந்த மரபணுக்கள் சுவையுணர்வுக்கு வேண்டும் என்று அவர் தேடினார். சித்திக்கியுடன் அவர் எழுதிய முதல் கட்டுரை 1978இல் ஓர் இந்திய ஆய்விதழில்தான் வந்தது. உலகெங்கும் பூச்சிகளின் சுவை, மணம் பற்றி ஆராய்கிறவர்கள் அந்த வேலையை இன்றும் தொடக்கப் புள்ளியாகக் கொள்கிறார்கள். பின்னர் பேராசிரியராகி, ஏராளமான மாணவர்களை உருவாக்கி, 2010இல் மறைந்தார். அவருடைய பெயர் நம் பள்ளிப் பாடங்களில் இல்லாதது பெருங்குறை.

பெங்களூரில் 1954இல் தொடங்கப்பட்ட அகில இந்திய மனநலக் கழகம், பழைய மனநல மருத்துவமனையோடு 1974இல் இணைந்து நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பறிவியல் நிறுவனமாயிற்று. ஹரியானாவின் மானேசரில் அமைந்த தேசிய மூளை ஆய்வு மையம் 2002இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. 2003 டிசம்பரில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதன் நிறுவன இயக்குநர் விஜயலட்சுமி ரவீந்திரநாத். அவர் பிஎச்.டி. வாங்கிய 1980களின் தொடக்கத்தில் நரம்பறிவியல் துறை இங்கே தனியாக இல்லை; உயிர்வேதியியல் வழியாகத்தான் மூளைக்கு வந்தார். 2009இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் நரம்பறிவியல் மையத்தைத் தொடங்கி நடத்தினார். சென்னையில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்த வி.எஸ். ராமச்சந்திரன் கேம்பிரிட்ஜ் போய் 1978இல் பிஎச்.டி. பெற்றார், இல்லாத கையில் வலிப்பதாகத் தவிப்பவர்களுக்குச் சாதாரண முகம்பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கொண்டு நிவாரணம் தேடிய அவருடைய வேலை உலகப் புகழ் பெற்றது. 2022இல் ஐ.ஐ.டி. மெட்ராஸில் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் தொடங்கப்பட்டது. மனிதக் கருவின் மூளையை மெல்லிய தகடுகளாகச் சீவி, செல் அளவுக்குத் துல்லியமாகப் படமெடுத்த 'தரணி' வரைபடத்தை அது 2024இல் வெளியிட்டு, உலகில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்துவைத்தது. அந்த வேலையில் பொறியாளர்களும் மருத்துவர்களும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். வேலூரும் சென்னையும் 1949, 1950 ஆண்டுகளில் தொடங்கிய பாதையில் விடுபட்டிருந்த பாலம் இப்படித்தான் கட்டப்படுகிறது.

இப்போது இந்தியாவில் இந்தப் படிப்புக்கு வருகிறவர் இயற்பியல், உயிரியல், உளவியல், பொறியியல், மருத்துவம் என எதிலிருந்தும் வரலாம். டாடா நிறுவனமும் அதன் பெங்களூர் உயிரியல் மையமும் ஜெஸ்ட், ஜீபில்ஸ் போன்ற நுழைவுத்தேர்வுகளின் வழியாக எடுக்கின்றன. மற்ற இடங்களுக்கு நெட், கேட் தேர்வுகள் உதவும். முழுநேர ஆய்வு மாணவருக்கு மத்திய அரசின் இளநிலை உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். முதல் இரண்டு ஆண்டுகளில் எதுவும் சரியாக வராமல் போவது இயல்பு. வீட்டில் அதைப் புரியவைப்பதுதான் பலருக்குக் கடினம்.

விண்ணப்பம் போடும் மாணவருக்கு ஒன்று சொல்லவேண்டும். பட்டத்தின் பெயரையும் கட்டடத்தின் புகழையும் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். நெறியாளர் ஆகப்போகிறவர் கடைசியாக எழுதிய மூன்று கட்டுரைகளைப் படியுங்கள். அவருடைய இப்போதைய மாணவர்களிடம் நேரில் பேசுங்கள். வேறு துறைக்காரர் ஒருவரின் ஆய்வகத்துக்குத் தன் மாணவரை அனுப்ப அவர் தயங்குவதில்லை என்று தெரிந்தால், அங்கே சேருங்கள்.